முகத்தை வரைந்து பிரச்சினையைப் பேசுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

உருவப்படம் வரையத் தொடங்கிய புதிதில், குப்பை பிரித்துப் பிழைக்கும் ஒரு மூதாட்டியை வரைந்தேன். பின்னால் மலைபோலக் குப்பை, மேலே புகை, கண்ணோரம் ஒரு சொட்டு நீர். முடித்த கையோடு அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "நான் எப்ப தம்பி அழுதேன்?" என்று கேட்டார். அப்புறம் தன் வலது கையை நீட்டி, "இது எங்கே? வேலை பார்க்கிறது இதுதானே?" என்றார்.

அந்தக் கையை நான் வரையவே இல்லை. கண்ணாடித் துண்டு கிழித்துவிடாமல் இருக்க, கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் கிழிந்த துணியைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். கையுறை கொடுக்க யாரும் இல்லாததால் அவரே செய்துகொண்ட கவசம் அது. குப்பை, உழைப்பு, அலட்சியம் என்று நான் சொல்ல நினைத்த எல்லாமே அந்த மூன்று விரல் சுற்றில் இருந்தது. என் கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டு, இல்லாத கண்ணீரை வரைந்திருந்தேன்.

சமூகப் பிரச்சினைகளையும் சுற்றுச்சூழல் பிரச்சினைகளையும் உருவப்படம் வழியாகப் பேச நினைக்கும் புதியவர்கள் அநேகமாக எல்லோரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பிரச்சினை பெரிதாகத் தெரிகிறது, ஆள் சின்னதாகிவிடுகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவரைச் சரியாகப் பார்த்தாலே போதும், அவர் உடம்பிலும் உடையிலும் பிரச்சினை தானாகவே வந்து நிற்கும். அப்படிப் பார்ப்பதற்கான வழிமுறைகளைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வரையத் தெரியாதவர்களும் தொடரலாம். பென்சிலும் ஒரு நோட்டும் இருந்தால் முதல் மூன்று படிகளை இன்றைக்கே தொடங்கிவிடலாம்.

1. பிரச்சினையைச் சின்னதாக்குங்கள்

"பருவநிலை மாற்றம்" என்ற தலைப்பில் யாரையும் வரைய முடியாது. "நீர் மாசு" என்பதும் அப்படித்தான். நோட்டை எடுத்து உங்கள் மனதில் இருக்கும் பெரிய சொல்லை மேலே எழுதுங்கள். அதன் கீழே, அந்தச் சொல் ஒரு மனிதரின் ஒரு நாளில் எங்கே வந்து தொடுகிறது என்று எழுதுங்கள். நீர் மாசு, ஆற்றில் நுரை, வலை வீசியவருக்கு மீன் கிடைக்கவில்லை, அவர் இப்போது கட்டட வேலைக்குப் போகிறார், ஆனால் வலையை இன்னும் விற்கவில்லை. அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்துங்கள். வரைய வேண்டிய படம் அதற்குள் வந்துவிட்டது: விற்காத வலையோடு ஒரு மனிதர்.

பாதிக்கப்பட்டவரைத்தான் வரைய வேண்டும் என்றும் இல்லை. ஆற்று நீரைப் புட்டியில் பிடித்துச் சோதிக்கும் ஆய்வாளர், சாக்கடை அடைப்பை எடுப்பவர், வெயிலில் நாள் முழுக்க நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்துபவர், பழைய ரேடியோவைத் தூக்கி எறியாமல் பழுது பார்த்துக் கொடுப்பவர், எல்லோருமே ஒரு பிரச்சினையின் ஓரத்தில் நிற்பவர்கள்தான். என்னைக் கேட்டால், முதல் படத்துக்குத் துயரத்தின் நடுவில் இருப்பவரைத் தேடிப் போகாதீர்கள். அவரிடம் எப்படிப் பேசுவது என்பதே தனியாகப் பழகவேண்டிய விஷயம். தெரிந்தவர் ஒருவரிடம் தொடங்குங்கள். அதற்கும் தயக்கமாக இருந்தால் கண்ணாடி முன் உட்காருங்கள். நீங்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறீர்கள்.

2. முன்பு செய்தவர்களைப் பாருங்கள்

வரைவதற்கு முன் சில படங்களை நிதானமாகப் பார்ப்பது பத்துப் பாடங்களுக்குச் சமம். எல்லாவற்றையும் தேடிப்போக வேண்டாம், நாலைந்து போதும்.

அமெரிக்க ஓவியர் ஆலிஸ் நீல் 1938-இல் நியூயார்க்கின் ஸ்பானிஷ் ஹார்லெமுக்குக் குடிபோனார். அங்கே தன்னைச் சுற்றி வாழ்ந்தவர்களையே வரைந்தார். 1940-இல் அவர் வரைந்த ஒரு படத்தில் காசநோயால் அவதிப்படும் ஓர் இளைஞர் படுக்கையில் சாய்ந்திருக்கிறார். நெரிசலான குடியிருப்பையோ மருத்துவமனை வரிசையையோ காட்டவில்லை. நெஞ்சில் அறுவை சிகிச்சை செய்த இடத்தில் வெள்ளைக் கட்டு மட்டும் இருக்கிறது. அந்த ஒரு வெள்ளைத் திட்டு வறுமையையும் நோயையும் சொல்லிவிடுகிறது. நம் கண் அங்கே போய், அப்புறம் முகத்துக்குத் திரும்புகிறது.

1943 வங்காளப் பஞ்சத்தின்போது ஓவியர் ஜைனுல் ஆபிதீன் மலிவான பொதிதாளில் கருப்பு மையும் தூரிகையும் கொண்டு பட்டினி கிடந்தவர்களை வரைந்தார். அதே பஞ்சத்தில் மேதினிப்பூர் பகுதியில் சுற்றி வரைந்த ஓவியர் சித்தபிரசாத்தின் சிறுநூலின் பிரதிகளை அன்றைய பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. சில கோடுகளைக் கண்டு ஓர் அரசு பயந்தது என்றால், பொருளும் பணமும் இல்லாமலேயே இந்தக் கலையால் எவ்வளவு செய்ய முடியும் என்று யோசியுங்கள்.

பிரேசிலின் ஜார்டிம் கிராமாச்சோ, ஒருகாலத்தில் உலகின் மிகப் பெரிய குப்பைக் கிடங்குகளில் ஒன்று. 2012-இல் மூடப்பட்டது. ஓவியர் விக் முனிஸ் அங்கே குப்பை பொறுக்கியவர்களைப் படம் எடுத்து, அந்தப் படங்களைப் பட்டறைத் தரையில் பெரிதாக, அவர்கள் சேகரித்த பொருள்களைக் கொண்டே உருவாக்கினார். பொருள்களை அடுக்கியதில் அந்தத் தொழிலாளர்களும் சேர்ந்து உழைத்தார்கள். அப்படி உருவான ஒரு படம் லண்டனில் ஏலம் போனபோது, பணம் அவர்களுடைய சங்கத்துக்கே போய்ச் சேர்ந்தது.

ராபர்ட் ஷெட்டர்லி என்ற அமெரிக்க ஓவியர் 2002-இல் தொடங்கி, தன் நாட்டில் உண்மையை உரக்கச் சொன்னவர்களின் உருவப்படங்களை இருநூறுக்கும் மேல் வரைந்திருக்கிறார். பூச்சிக்கொல்லிகளின் கேட்டை எழுதிய ரேச்சல் கார்சனும் அவர்களில் ஒருவர். ஒவ்வொரு படத்திலும் அந்த மனிதர் சொன்ன வரிகளைப் பெயிண்டிலேயே கீறி எழுதிவிடுவார். படத்தோடு சொல்லையும் சேர்க்க விரும்புபவர்களுக்கு இது நல்ல முன்மாதிரி.

கிடியன் மெண்டல் ஓவியர் இல்லை, புகைப்படக்காரர். ஆனாலும் அவரைச் சேர்க்கிறேன். 2007 முதல் பல நாடுகளில் வெள்ளத்தில் மூழ்கிய வீடுகளுக்குள் போய், மார்பளவு தண்ணீரில் நிற்கும் வீட்டுக்காரர்களை நேராகக் கேமராவைப் பார்க்கச் சொல்லி எடுக்கிறார். யாரும் கையை உயர்த்தி உதவி கேட்பதில்லை, அசையாமல் நிற்கிறார்கள். குடும்பப் படத்துக்கு நிற்பதைப் போன்ற அந்த நிற்பு மனதை உலுக்குகிறது. பதற்றத்தைக் காட்டப் பதற்றமான கோடு தேவையில்லை என்பதை நான் இவரிடம்தான் கற்றேன்.

3. கேளுங்கள், அப்புறம் வரையுங்கள்

இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிப் போகக்கூடாது.

1936-இல் கலிபோர்னியாவில் டோரத்தியா லேங் எடுத்த புலம்பெயர்ந்த தாயின் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தின் முகமாகவே உலகம் அதை எடுத்துக்கொண்டது. அந்தப் பெண்ணின் பெயரை லேங் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் வெளியே தெரிந்தது 1978-இல்தான். தன் முகம் உலகம் முழுக்கப் போனதில் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. ஒரு பிரச்சினைக்கு முகம் கொடுத்தவருக்கு நாற்பது ஆண்டுக்கும் மேலாகப் பெயர் இல்லை.

இன்னொன்று மினமாட்டா. ஜப்பானில் ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் கடலில் கலந்து, மீன் வழியாக மனிதர்களை முடக்கிய ஊர். 1971-இல் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் அங்கே ஒரு தாய் தன் மகளைக் குளிப்பாட்டும் காட்சியைப் படம் எடுத்தார். பெற்றோரின் சம்மதத்தோடு எடுத்த படம்தான், உலகின் கவனம் அந்த ஊர்ப்பக்கம் திரும்ப அது பெரிதும் உதவியது. மகள் இறந்த பிறகும் படம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவளை ஓய்வெடுக்க விடவேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். 1990-களின் இறுதியில் அது புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. ஒருமுறை கிடைத்த சம்மதம் என்றைக்கும் செல்லும் என்று நினைக்கக்கூடாது.

ஆகவே நடைமுறையில் நான் செய்வது இது. முதல் சந்திப்பில் நோட்டைக்கூட வெளியே எடுப்பதில்லை. இரண்டாவது சந்திப்பில் மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்: எதற்காக வரைகிறேன், படத்தை எங்கே காட்டுவேன், விற்றால் பணம் எப்படிப் பிரியும். பெயர் போடலாமா என்று தனியாகக் கேட்கிறேன். சிலருக்குப் பெயர் வேண்டும், சிலருக்குப் பெயரால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும். அந்தப் பயம் இருந்தால் முகமே தெரியாமல் வரையலாம். பின்புறத்திலிருந்தோ கைகளை மட்டுமோ வரைந்தாலும் அது உருவப்படம்தான். பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். "எப்ப வேணாம்னு தோணினாலும் சொல்லுங்க, படத்தை எடுத்துடறேன்" என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் எதிரே இருப்பவர் உட்காரும் விதமே மாறிவிடும், தோள் தளரும். குழந்தைகள் என்றால் பெற்றோரிடமும் கேளுங்கள், குழந்தையிடமும் கேளுங்கள்.

பேசும்போது "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று தொடங்காதீர்கள். "காலையில எழுந்ததும் முதல் வேலை என்ன?" என்று கேளுங்கள். கஷ்டம் பற்றிக் கேட்டால் பலமுறை சொல்லிப் பழகிய பதில்தான் வரும். வேலையைப் பற்றிக் கேட்டால் கை தானாக எழுந்து செய்து காட்டும். அந்தக் கையசைவுதான் நமக்கு வேண்டியது. அதை நோட்டில் சொல்லாக எழுதி வையுங்கள்: "இடது உள்ளங்கையில் மூடியைத் தட்டித் திறக்கிறார்." வரையும்போது இந்த ஒரு வரி பெரிதும் உதவும்.

4. பொருள்கள்

குறைவாக வாங்குங்கள். சார்கோல் என்கிற கரிக்குச்சி, மாவுபோலப் பிசையக்கூடிய மாவு ரப்பர், சுமாரான கெட்டித் தாள், இரண்டு தட்டைப் பிரஷ், ஒரு உருண்டைப் பிரஷ் போதும். வண்ணத்துக்குத் தொடக்கத்தில் அக்ரிலிக் வசதியானது. சீக்கிரம் காயும், தண்ணீரில் கரையும். ஆனால் காய்ந்தால் கொஞ்சம் கருத்துத் தெரியும், அதைக் கணக்கில் வைத்துக் கலக்கவேண்டும். முகத்தில் நிழலும் வெளிச்சமும் மெதுவாகக் கலக்கும் இடங்களுக்கு ஆயில் பெயிண்ட்தான் இணக்கமானது, ஈரம் நாள்கணக்கில் நிற்கும். ஆயிலில் அடுக்கடுக்காகப் போடும்போது கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேல் அடுக்கில் கூடுதலாகவும் இருக்கட்டும். மாற்றிப் போட்டால் மேல் அடுக்கு வெடிக்கும்.

பழைய அட்டை, பலகைத் துண்டு, மூட்டைத் துணி எதில் வேண்டுமானாலும் வரையலாம், ஜெசோ என்கிற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு கை பூசிக் காயவைத்தால் போதும். செய்தித்தாளில் நேரடியாக வரைந்தால் ஓரிரு ஆண்டில் மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும். மரக்கூழிலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டால் அப்படி ஆகிவிடும். அந்த மஞ்சள்தான் உங்கள் படத்துக்குப் பொருள் என்றால் சரி, இல்லையென்றால் தவிர்த்துவிடுங்கள்.

5. முகம்

புதியவர்கள் கண்ணை நெற்றிக்கு மிக அருகில் போட்டுவிடுவார்கள். தலை உச்சியிலிருந்து தாடை நுனிவரை அளந்தால் கண் சரியாக நடுவில் வரும். நம்ப முடியாது, ஆனால் பென்சிலை நீட்டி அளந்து பாருங்கள். இரண்டு கண்களுக்கும் நடுவே இன்னொரு கண்ணுக்கு இடம் இருக்கும். காதின் மேல்முனை புருவத்தின் அளவிலும் கீழ்முனை மூக்கடியின் அளவிலும் இருக்கும். இதெல்லாம் சராசரிக் கணக்கு. எதிரே இருப்பவர் இந்தக் கணக்கிலிருந்து எங்கே விலகுகிறாரோ அங்கேதான் அவருடைய சாயல் ஒளிந்திருக்கிறது.

வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும். ஜன்னலோரம் சற்றுச் சாய்வாக உட்காரவைத்தால், மூக்கின் நிழல் கன்னத்தில் விழும், முகம் தாளில் எழுந்து நிற்கும். இரண்டு மூன்று விளக்குகளைப் போட்டால் எல்லா நிழலும் ஒன்றையொன்று தின்றுவிடும். முகம் சப்பையாகிவிடும்.

இப்போது கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இமைமுடி, சுருக்கம், பொட்டு எல்லாம் மறைந்து நிழல் ஒரு திட்டாகவும் வெளிச்சம் ஒரு திட்டாகவும் தெரியும். முதலில் அந்த இரண்டு திட்டுகளை மட்டும் கரியால் தேயுங்கள். கோடு போட்டு உள்ளே நிரப்பாதீர்கள். தாள் முழுக்க மெல்லிய சாம்பலாகக் கரியைத் தேய்த்துவிட்டு, வெளிச்சம் படும் இடத்தை மாவு ரப்பரால் எடுத்தெடுத்து முகத்தைக் கொண்டுவருவது இன்னும் நல்லது. இருட்டிலிருந்து ஒருவர் மெல்ல வெளியே வருவதைப் போல இருக்கும். இப்படி இருபது நிமிடப் படம் ஐந்தாறு வரைந்த பிறகுதான் வண்ணத்தைத் தொடுங்கள். அந்த ஐந்தாறு படங்களுக்குள் உட்காருபவருக்கும் உங்களுக்கும் பேச்சு இயல்பாகிவிடும், முகத்தில் போட்டோவுக்குக் காட்டும் சிரிப்பு கழன்றுவிடும்.

புகைப்படத்தைப் பார்த்து வரையலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரையலாம். வேலையை விட்டு மணிக்கணக்கில் வந்து உட்காரச் சொல்வது எத்தனையோ பேருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் ஒரு முறையாவது, அரை மணி நேரமாவது, நேரில் பார்த்து வரைந்திருக்க வேண்டும். புகைப்படம் நிழலையெல்லாம் ஒரே கருப்பாக்கிவிடும். நிழலுக்குள்ளே எவ்வளவு வண்ணம் இருக்கிறது என்பதைக் கண்தான் காட்டும்.

6. நாலு நிறம் போதும்

ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் பெயரில் ஒரு பேலட், அதாவது நிறத் தொகுப்பு, வழங்குகிறது: வெள்ளை, மஞ்சள் ஓக்கர் என்கிற மண் மஞ்சள், ஒரு சிவப்பு, கருப்பு. சிவப்புக்கு அந்தக் காலத்தில் வெர்மிலியன் வைத்தார்கள். அது பாதரசச் சேர்மம். இப்போது நாஃப்தால் சிவப்பு போன்ற ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கருப்பையும் வெள்ளையையும் கலந்து ஆரஞ்சுச் சாயல் தோலின் பக்கத்தில் வைத்தால் நீலம்போலத் தெரியும். நம்பாமல் செய்து பார்த்தவர்கள் அசந்துபோவார்கள்.

கருந்தோலை வரையும்போது வெறும் பழுப்போடு கருப்பைச் சேர்த்துச் சாம்பலாக்கிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது எனக்கு மனவருத்தம் தரும் பழக்கம். கருந்தோலின் நிழலில் செம்மை இருக்கும், வெளிச்சம் படும் நெற்றியில் வானத்தின் நீலம் ஒட்டியிருக்கும், உதட்டோரம் ஊதா ஓடும். வெள்ளையைச் சேர்த்து வெளிறவைக்காமல், ஓக்கரையும் சிவப்பையும் கொண்டே வெளிச்சத்தைக் கொண்டுவரப் பாருங்கள். யாருடைய தோலை எவ்வளவு கவனமாகக் கலக்கிறோம் என்பதிலேயே நம் சமூகப் பார்வை தெரிந்துவிடும்.

7. பிரச்சினை படத்துக்குள் எப்படி வருகிறது

இங்கே கொஞ்சம் நிதானிப்போம்.

முதல் வழி, உடம்பு. கை, கழுத்து, கண்ணின் வெண்மை, வெயிலில் கறுத்த இடத்துக்கும் சட்டைக்குள் வெளிறிய இடத்துக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோடு. நாள் முழுக்கக் குடைக்கம்பி பிடித்தவருடைய தோள் ஒன்று தாழ்ந்திருக்கும். இவற்றையெல்லாம் மிகைப்படுத்தாமல், இருக்கிறபடி வரைந்தால் போதும்.

இரண்டாவது, கையில் இருக்கும் பொருள். ஒன்றே ஒன்று. அவரே தேர்ந்தெடுக்கட்டும். "படத்துல உங்க கூட எது இருக்கணும்?" என்று கேட்டால், நாம் எதிர்பார்க்காத ஒன்றை எடுத்து வருவார்கள். வெள்ளத்தில் வீடிழந்த ஒருவர் நனைந்து வீங்கிய தன் மகளின் பாடநோட்டை எடுத்து வந்தார். நான் மனதில் வைத்திருந்தது படகு.

மூன்றாவது, பின்னணி. பெரும்பாலும் வெறுமையாக விடுங்கள். சொல்லவேண்டும் என்றால் நிறத்தால் சொல்லுங்கள்: புகை மூட்டத்தின் மஞ்சள் கலந்த சாம்பல், காய்ந்த குளத்தின் வெளிறிய பழுப்பு. ஆலைச் சிம்னியையும் செத்த மீனையும் பின்னால் வரிசையாக அடுக்கினால் படம் விளம்பரத் தட்டியாகிவிடும். பார்ப்பவர் பின்னணியைப் படித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே போய்விடுவார்.

நான்காவது, அளவும் பார்வைக் கோணமும். காலங்காலமாகப் பெரிய உருவப்படங்கள் ராஜாக்களுக்கும் பணக்காரர்களுக்கும்தான். அதே அளவில், அதே நேர்ப்பார்வையில் ஒரு துப்புரவுத் தொழிலாளியை வரைந்தால், படத்தின் முன் நிற்பவர் அண்ணாந்து பார்க்கவேண்டி வரும். மேலிருந்து கீழே பார்க்கும் கோணத்தில் வரையாதீர்கள். ஓவியர் நின்றுகொண்டு, உட்கார்ந்திருப்பவரை வரைந்தால் அது தானாகவே அப்படி ஆகிவிடும். நீங்களும் அவர் உயரத்துக்கு உட்காருங்கள்.

ஐந்தாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. வரையும் பொருளே பிரச்சினையிலிருந்து வரலாம். அமெரிக்காவின் ஒஹாயோவில் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து இரும்பு கலந்த அமில நீர் ஓடைகளில் கலக்கிறது. ஓவியர் ஜான் சப்ராவும் பொறியியல் பேராசிரியர் கை ரீஃப்லரும் சேர்ந்து, அந்த நீரிலிருந்து இரும்பு ஆக்சைடைப் பிரித்து ஓவிய நிறமியாக்கினார்கள். நம்மால் அவ்வளவு முடியாது. ஆனால் எரிந்த மரத்தின் கரியால் காட்டுத்தீயை அணைத்தவரை வரையலாம், மண்ணரிப்பால் வயலை இழந்தவரை அந்த வயலின் மண்ணாலேயே வரையலாம்.

மண்ணிலிருந்து வண்ணம் செய்வது இப்படி. சிவப்போ மஞ்சளோ கலந்த களிமண்ணாகப் பாருங்கள். விரலில் எடுத்துத் தாளில் தேய்த்தால் கறை பிடிக்க வேண்டும். காயவைத்து, இடித்து, கல்லும் வேரும் பொறுக்குங்கள். ஒரு பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி, ஒரு நிமிடம் பொறுங்கள். மணல் அடியில் தங்கும். கலங்கலாக நிற்கும் நீரை மட்டும் இன்னொரு பாத்திரத்துக்கு மெல்லச் சாய்த்து ஊற்றுங்கள். மணலை எறிந்துவிட்டு இதையே இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். கடைசிக் கலங்கலை இரவு முழுக்க அசைக்காமல் வைத்தால் மேலே தெளிநீரும் கீழே வெண்ணெய் போன்ற வண்டலும் பிரிந்திருக்கும். நீரை வடித்து, வண்டலைத் தட்டில் பரப்பிக் காயவிடுங்கள். காய்ந்த தூளை வழவழப்பான கல்லிலோ கண்ணாடியிலோ வேலமரப் பிசின் கரைத்த தண்ணீர் விட்டு, நறநறப்பு போகும்வரை அரையுங்கள். வாட்டர்கலர் தயார். பிசினுக்குப் பதில் முட்டை மஞ்சள் கருவும் சிறிது தண்ணீரும் சேர்த்தால் டெம்பரா. அக்ரிலிக் மீடியத்தில் கலந்தால் கேன்வாஸுக்கும் ஆகும். மண்ணின் நிறம் இரும்பினால் வருவது, அதனால் வெயிலுக்கு மங்காது. பூவிலும் இலையிலும் எடுத்த சாயங்கள் அப்படி இல்லை, பெரும்பாலும் சில மாதங்களில் வெளுத்துவிடும்.

எச்சரிக்கை ஒன்று. ஆலைக் கழிவு கொட்டிய இடத்து மண்ணைத் தொடாதீர்கள். ஈயம், ஆர்சனிக் போன்றவை இருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நல்ல மண் என்றாலும் உலர்ந்த தூளை இடிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் கட்டாயம்.

8. உங்கள் பட்டறைக் கழிவு

நீர் மாசு பற்றிப் படம் வரைந்துவிட்டுப் பிரஷ் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக். பிரஷில் ஒட்டியிருக்கும் பெயிண்டை முதலில் பழந்துணியில் நன்றாகத் துடையுங்கள். கழுவிய நீரை ஒரு வாளியில் சேர்த்து நாள்கணக்கில் விட்டால் பெரும்பகுதி அடியில் படியும். மேல் நீரைத் துணியிலோ காபி வடிகட்டித் தாளிலோ வடித்து, படிந்ததைக் காயவைத்துத் திடக்கழிவில் போடுங்கள். கேட்மியம், கோபால்ட், ஈயம் என்று டியூபில் எழுதியிருந்தால், அது இல்லாத மாற்று நிறம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயிலில் வரைபவர்கள் டர்பன்டைன் என்கிற கரைப்பான் இல்லாமலும் வேலை பார்க்கலாம். பிரஷை ஆளிவிதை எண்ணெயில் அலசிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காற்றோடு சேர்ந்து சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துத் தனித்தனியாக வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகரடப்பாவில் போடுங்கள்.

9. முதலில் யாருக்குக் காட்டுவது?

உட்கார்ந்தவருக்கு. அரைகுறையாக இருக்கும்போதே காட்டுங்கள், திருத்துவதற்கு அப்போதுதான் மனம் வரும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் மரியாதைக்கு "நல்லா இருக்கு" என்பார்கள். "எதை மாத்தணும்?" என்று கேளுங்கள். மூக்கைச் சின்னதாக்கச் சொன்னால் பேசி முடிவு செய்யலாம். "நான் இப்படிப் பரிதாபமா இல்லையே" என்றால் தூரிகையை எடுத்து மாற்றத்தான் வேண்டும்.

காட்சிக்கு வைக்கும்போது படத்துக்குப் பக்கத்தில் சின்ன அட்டையில் அவருடைய சொற்களையே போடுங்கள், இரண்டு மூன்று வரி. உங்கள் விளக்கத்தை நீளமாக எழுதவேண்டாம். பிரச்சினையைப் பற்றிய தகவலும் வேண்டும் என்றால் சரிபார்த்த ஒரு எண்ணிக்கை, ஒரு இடப்பெயர், ஒரு ஆண்டு என்று சுருக்கமாக நிறுத்துங்கள். முடிந்தால் முதல் காட்சியைக் கலைக்கூடத்தில் வைக்காமல், அவர் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அங்கே வருகிறவர்கள் முகத்தை அடையாளம் கண்டு பேசத் தொடங்குவார்கள். அவர்கள் சொல்வதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிடைக்கும். படத்தின் நல்ல பிரதி ஒன்றைச் சட்டம் போட்டு அவர் கையில் கொடுக்க மறக்காதீர்கள்.

அந்த மூதாட்டியை நான் மறுபடியும் வரைந்தேன். ஐந்து முறை போய் உட்கார்ந்தேன். வெறும் சாம்பல் பின்னணி, நேர்ப்பார்வை. துணி சுற்றிய கையை மடியில் வைத்திருந்தார். அந்தத் துணி நீலத்தில் சின்னப் பூப்போட்டது என்பது மூன்றாவது முறைதான் என் கண்ணில் பட்டது. அவரிடம் கேட்டேன். பேத்தியின் பழைய சட்டையாம்.